ஒரே வண்டி, ஊருக்கு ஊர் வேறு வேலை!

பனி மூடிய நாடுகளில் ஒரு வண்டி ஓடுகிறது. அதற்குச் சக்கரம் கிடையாது. அதற்கு ரோடும் தேவை இல்லை.

ஆங்கிலத்தில் அதற்கு "ஸ்னோமொபைல்" என்று பெயர். தமிழில் "பனிவண்டி" என்று சொல்லலாம்.

இங்கே பனி என்பது மார்கழி மாதத்தில் புல் நுனியில் நிற்கும் பனி அல்ல. வானத்தில் இருந்து பஞ்சு போல விழுந்து, தரையில் இடுப்பு அளவுக்குக் குவிந்து கிடக்கும் வெண்பனி. மனிதன் கால் வைத்தால் புதைந்து போவான். மோட்டார் கார் ஒரு கஜ தூரம் கூட நகராது.

அந்தப் பனியின் மேல் இந்த வண்டி பறக்கிறது!

ஒரு ஊரில் அது குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. இன்னொரு ஊரில் அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. மற்றொரு ஊரில் அது கவனம் இல்லாதவனைக் கொன்று விடுகிறது.

இந்த வேற்றுமையைப் பலர் கவனிப்பது இல்லை. "பனிவண்டியைத் தடை செய்!" என்கிறது ஒரு கட்சி. "எங்கள் உரிமையில் கை வைக்காதே!" என்கிறது மறு கட்சி. அமெரிக்காவிலும் கனடாவிலும் வடக்கு ஐரோப்பாவிலும் பல ஆண்டுகளாக இந்தச் சண்டை நடக்கிறது.

யார் சொல்வது சரி? அதற்குப் பதில் சொல்லும் முன், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்க வேண்டும்.

வண்டி எப்படி ஓடுகிறது?

பனிவண்டி பார்வைக்கு மோட்டார் சைக்கிள் போல இருக்கும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். கைப்பிடியைத் திருப்பினால் அந்தக் கட்டைகள் திரும்பும்.

பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர் பட்டை ஒன்று சுற்றுகிறது. ராணுவ டாங்கியின் பட்டையைப் போன்றது. அதில் பல் பல்லாக ரப்பர் முளைகள் இருக்கும். அவை பனியைப் பிடித்துத் தள்ள, வண்டி முன்னே போகும்.

பாரம் பட்டை முழுவதும் பரவி விடுவதால், வண்டி பனியில் புதைவது இல்லை.

எல்லாப் பனிவண்டியும் ஒன்று போல இருப்பதும் இல்லை. சமவெளியில் ஓடும் வண்டிக்குப் பட்டை குட்டை. மலையில் ஏறும் வண்டிக்குப் பட்டை நீளம். முளைகளும் 2½ அங்குலம், 3 அங்குலம் உயரம் இருக்கும். சுமை இழுக்கும் வண்டிக்குப் பட்டை அகலம், வேகம் குறைவு.

ஆக, நிலம்தான் வண்டியின் உருவத்தையே தீர்மானிக்கிறது.

ஒரு தகப்பனின் துயரம்

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஜோசப் அர்மான் பொம்பார்டியர் என்ற மெக்கானிக் பட்டறை வைத்து இருந்தார்.

1934ஆம் ஆண்டு. கடுமையான குளிர்காலம். அவருடைய 2 வயது மகனுக்குக் குடல்வால் நோய் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஆனால் ரோடு எல்லாம் பனி மூடிக் கிடந்தது. கார் போகாது. குதிரை வண்டியில் போனால் நேரம் போதாது.

குழந்தை இறந்து விட்டது.

பனியில் ஓடும் வண்டி செய்ய வேண்டும் என்ற ஆசை பொம்பார்டியருக்குச் சிறு வயதில் இருந்தே உண்டு. மகன் இறந்த பிறகு அந்த ஆசை வைராக்கியம் ஆயிற்று. 1937ல் பட்டையால் ஓடும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார்.

அந்த வண்டி பெரியது. 7 பேர் உட்காரலாம். டாக்டர்கள் அதில் நோயாளிகளைப் பார்க்கப் போனார்கள். தபால் போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அத்தகைய வண்டிகளில் போனார்கள்.

1948ல் ஒரு மாறுதல் வந்தது. கியூபெக் அரசாங்கம் கிராமத்து ரோடுகளிலும் குளிர்காலத்தில் பனியை அள்ள ஏற்பாடு செய்தது. மக்களுக்கு நல்ல காலம். பெரிய பனிவண்டிக்குக் கெட்ட காலம்! ரோட்டில் காரே போகும்போது பனிவண்டி எதற்கு?

பொம்பார்டியர் யோசித்தார். ரோடே இல்லாத வடக்குக் காடுகளில் பாதிரிமார்களும் வேட்டைக்காரர்களும் அலைகிறார்கள். அவர்களுக்கு ஒருவர் இருவர் ஏறிப் போகும் சிறிய வண்டி வேண்டும்.

1959ல் அந்தச் சிறிய வண்டி விற்பனைக்கு வந்தது. பெயர் "ஸ்கி-டூ".

அதை முதலில் நாட வேண்டியவர்கள் காட்டுவாசிகள். ஆனால் பட்டணத்துக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். பனியில் வேகமாகப் போவது அவர்களுக்கு உல்லாசமாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஒரே ஆண்டில் சுமார் 5 லட்சம் வண்டிகள் விற்றன!

பொம்பார்டியர் அதைப் பார்க்கவில்லை. 1964ல் அவர் காலமானார்.

ரோடு இல்லாத ஊர்கள்

அமெரிக்காவின் வடகோடியில் அலாஸ்கா இருக்கிறது. அங்கே ஏராளமான கிராமங்களுக்கு வெளியே இருந்து ரோடு கிடையாது. கோடைக் காலத்தில் ஆற்றில் படகு. மற்றபடி சிறிய ஆகாய விமானம்.

குளிர்காலத்தில் ஆறு உறைந்து விடும். ஆறே ரோடாகி விடும்! யூக்கான் ஆறு, கஸ்கோக்விம் ஆறு ஆகியவற்றின் மேல் பனிவண்டிகள் வரிசையாகப் போகும்.

அலாஸ்கா மக்கள் அதை "ஸ்னோமொபைல்" என்று சொல்வது இல்லை. "ஸ்னோ மெஷின்" என்பார்கள். பெயரே வேறு. வேலையும் வேறு.

காட்டில் விறகு வெட்டி இழுத்து வர அதுதான் வண்டி. மான் வேட்டைக்குப் போக அதுதான் வண்டி. மாதா கோவிலுக்கும், பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கும் அதுதான் வண்டி.

கனடாவின் வடக்கே நுனாவுட் என்ற பிரதேசம் 1999ல் தனியாகப் பிரிக்கப்பட்டது. அங்கே 25 ஊர்கள் இருக்கின்றன. ஒரு ஊரையும் இன்னொரு ஊரையும் இணைக்கும் ரோடு ஒன்று கூட இல்லை.

அங்கே வாழும் இனுயிட் மக்கள் பனிவண்டியின் பின்னால் நீண்ட மரச் சறுக்குத் தட்டு ஒன்றைக் கட்டி இழுக்கிறார்கள். அதற்கு "கமுட்டிக்" என்று பெயர். மனைவி, பிள்ளைகள், கூடாரம், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் அதில் ஏறும். திரும்பி வரும்போது வேட்டையாடிய மானும் சீலும் அதில் வரும்.

கடைச் சாமான் அங்கே யானை விலை. எல்லாம் தெற்கே இருந்து கப்பலிலும் விமானத்திலும் வர வேண்டும். ஆகவே வேட்டை இறைச்சி அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. அன்றாடச் சாப்பாடு.

இந்த ஊர்களில் எப்படிப்பட்ட வண்டி செல்லும்?

வேகமான வண்டி அல்ல. எளிய எஞ்சின் உள்ள வண்டிதான் செல்லும். அதற்குக் காரணம் உண்டு. உல்லாச வண்டிகள் பலவற்றில் எஞ்சின் சூட்டைத் தணிக்க, பட்டை வாரி அடிக்கும் பனிதான் உதவுகிறது. காற்று பனியைத் துடைத்துவிட்ட வெறும் பனிக்கட்டியின் மேல் ஓடினால் அந்த வண்டி சூடேறி நின்று விடும். காற்றாடி வைத்த எளிய எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை. வழியில் கெட்டாலும், நடுங்கும் கையோடு ஒரு மனிதன் தானே பழுது பார்த்துக் கொள்ளலாம்.

ஊரில் இருந்து 50 மைல் தள்ளி வண்டி நின்று போனால், அது வெறும் ரிப்பேர் அல்ல. உயிர்ப் பிரச்சினை!

நாயா, வண்டியா?

பனிவண்டி வருவதற்கு முன்பு இந்த மக்கள் நாய்களைப் பூட்டிய சறுக்கு வண்டியில் போனார்கள்.

நாய்க்கு ஆண்டு முழுவதும் தீனி போட வேண்டும். அதற்காகவே மூட்டை மூட்டையாக மீன் பிடித்துக் காய வைக்க வேண்டும். பனிவண்டி ஓடும்போது மட்டும்தான் பெட்ரோல் குடிக்கும். அதனால் 1960களில் நாய்கள் மளமளவென்று குறைந்தன.

ஆனால் நாயிடம் ஒரு குணம் உண்டு. புயலில் எஜமானுக்கு வழி தெரியாவிட்டாலும் நாய்க்கு வீடு தெரியும். எஞ்சினுக்கு அந்த அறிவு இல்லை.

அலாஸ்காவில் ஜோ ரெடிங்டன் என்பவர் இதைப் பார்த்து வருந்தினார். "இப்படியே போனால் நாய் வண்டி மறைந்து விடும்" என்று கவலைப்பட்டு, நோம் நகரம் வரை நாய் வண்டிப் பந்தயம் ஒன்றை 1973ல் தொடங்கி வைத்தார். "இடிடராட்" என்ற பெயரில் அது உலகப் புகழ் பெற்று விட்டது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், 1984ல் அதே அலாஸ்காவில் பனிவண்டிக்கும் ஒரு நெடும் பந்தயம் ஏற்பட்டது. அதன் பெயர் "இரும்பு நாய்"!

மான் மேய்ப்பவர் கதை

ஐரோப்பாவின் வடக்கு மூலையில் நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் சாமி என்ற இன மக்கள் இருக்கிறார்கள். துருவ மான்களை மந்தையாக வளர்ப்பது அவர்களுடைய பழைய தொழில்.

1960களின் தொடக்கத்தில் பின்லாந்தின் வடபகுதிக்குப் பனிவண்டி வந்தது. சில ஆண்டுகளிலேயே மேய்ப்பவர்களிடம் அது பரவி விட்டது.

முன்பு மேய்ப்பவன் காலில் சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு, நாயுடன் மந்தைக்குப் பக்கத்திலேயே இருப்பான். மான்கள் அவனுக்குப் பழகி இருந்தன. வண்டி வந்த பிறகு ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இரவில் வீட்டில் படுக்கலாம். குழந்தைகளோடு சாப்பிடலாம்.

லாபம்தானே என்று தோன்றும். ஆனால் நஷ்டமும் இருந்தது.

எஞ்சின் சத்தம் கேட்டு மான்கள் மிரண்டன. மனிதனோடு பழக்கம் குறைந்தது. வண்டிக்குப் பணம் வேண்டும்; பெட்ரோலுக்குப் பணம் வேண்டும்; உடைந்த சாமானுக்குப் பணம் வேண்டும். பெரிய மந்தை வைத்திருந்தவர் தாக்குப் பிடித்தார். 20 மான், 30 மான் வைத்திருந்த ஏழையால் முடியவில்லை. பலர் மேய்ப்புத் தொழிலையே விட்டார்கள்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெர்ட்டி பெல்டோ அந்த ஊர்களில் தங்கி இந்த மாறுதலைக் கவனித்தார். 1973ல் "பனிவண்டிப் புரட்சி" என்ற பொருள்படும் நூலை எழுதினார். வெளியில் இருந்து வரும் எண்ணெயை நம்பிய பிறகு, தன் ஊர்த் தொழில் தன் கையில் இல்லாமல் போகிறது என்பது அந்த நூலில் கிடைக்கும் பாடம்.

டிராக்டரும் பம்பு செட்டும் வந்த காலத்தைப் பார்த்த தமிழ்நாட்டு விவசாயிக்கு இந்தக் கதை புதிது அல்ல. இயந்திரம் உடம்பு நோவைக் குறைக்கும். அதே சமயம் கையில் காசு இல்லாதவனை வரிசையில் பின்னே தள்ளியும் விடும்.

ரஷ்யாவின் வடபகுதியிலும் மான் மேய்ப்பவர்கள் பனிவண்டி வைத்திருக்கிறார்கள். அங்கே 1971 முதல் "புரான்" என்ற வண்டி பிரபலம். புரான் என்றால் பனிப்புயல் என்று அர்த்தம். அதற்கு இரண்டு பட்டைகள், ஒரே சறுக்குக் கட்டை! அழகு இல்லை. ஆனால் பாரம் இழுக்கும்.

சமவெளியில் உல்லாசம்

இனி உல்லாச ஊர்களைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய மாநிலங்கள் ஏரிகள் நிறைந்த பகுதி. விவசாயம் உண்டு. காடு உண்டு. நல்ல ரோடும் உண்டு. பனிவண்டி இல்லாவிட்டால் அங்கே யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

ஆனாலும் பனிவண்டியின் தாய்வீடுகளில் இதுவும் ஒன்று. விஸ்கான்சினில் கார்ல் எலியாசன் என்பவர் 1924லேயே மோட்டார் வைத்த சறுக்கு வண்டி ஒன்றைச் செய்தார். மின்னசோட்டாவில் ரோசோ என்ற ஊரில், விவசாயக் கருவிகள் செய்த பட்டறையில் இருந்துதான் 1950களின் நடுவில் "போலாரிஸ்" வண்டி பிறந்தது.

இங்கே பனிவண்டிக்குத் தனிப் பாதைகள் இருக்கின்றன. இயந்திரம் வைத்துப் பனியைத் தட்டிச் சமன் செய்து, பாய் விரித்தது போல வைத்திருக்கிறார்கள். திருப்பங்களில் கைகாட்டி உண்டு. விஸ்கான்சினில் மட்டும் சுமார் 25,000 மைல் நீளத்துக்கு இப்படிப் பாதைகள்!

வெள்ளிக்கிழமை மாலை பட்டணத்தில் இருந்து குடும்பத்தோடு கிளம்புவார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்து அடுத்த சாப்பாட்டுக் கடைக்கு ஓட்டுவார்கள். ஞாயிறு இரவு திரும்புவார்கள். குளிர்காலத்தில் ஈ ஓட்டிக் கொண்டிருந்த கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இதனால் பிழைப்பு நடக்கிறது.

இதில் ஒரு விஷயம் பாராட்டத்தக்கது. இந்தப் பாதைகளில் பெரும் பகுதி அரசாங்க நிலத்தில் இல்லை. விவசாயிகளின் சொந்த நிலத்தில் போகிறது! ஊருக்கு ஊர் சங்கம் வைத்து, சங்கத்தார் விவசாயியின் வீட்டுக்குப் போய் அனுமதி கேட்கிறார்கள். அறுவடை முடிந்த பிறகு அவர் சம்மதிக்கிறார். கம்பம் நடுவதும், கைகாட்டி வைப்பதும் சங்கத்தார் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலை.

ஒருவன் பாதையை விட்டு விலகி வயலில் ஓட்டினால் என்ன ஆகும்? பனிக்குக் கீழே குளிர்காலப் பயிர் தூங்கிக் கொண்டிருக்கும். பனி அழுந்தினால் பயிர் குளிரில் செத்து விடும். விவசாயி கோபப்பட்டு அனுமதியை ரத்து செய்வார். ஒருவன் செய்த குற்றத்துக்கு அந்தப் பாதையே மூடப்படும்.

இங்கே மரணம் எப்படி வருகிறது? வேகம், மது, மெல்லிய பனிக்கட்டி. இவை மூன்றும்தான் எமன்.

ஏரியில் பனிக்கட்டி எத்தனை அங்குலம் இருந்தால் ஓட்டலாம் என்று மின்னசோட்டா அரசாங்கம் மக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. நடந்து போக 4 அங்குலம் வேண்டும். பனிவண்டிக்கு 5 முதல் 7 அங்குலம் வேண்டும். அதுவும் தெளிந்த, புதுப் பனிக்கட்டியாக இருக்க வேண்டும். இதை அளக்காமல் இறங்கியவர்கள் பலர் கரை ஏறவில்லை.

கனடாவின் கியூபெக்கிலும் இதே போன்ற பாதைகள் ஆயிரக்கணக்கான மைல் ஓடுகின்றன. அங்கே ஒரு தகராறு கோர்ட்டுக்கே போயிற்று. மான்ட்ரியலுக்கு வடக்கே, பழைய ரயில் பாதை ஒன்று பனிவண்டிப் பாதை ஆயிற்று. அருகில் வீடு வைத்திருந்தவர்கள் சத்தத்தாலும் புகையாலும் வாடினார்கள். வழக்குப் போட்டார்கள். 2004ல் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஒருவருடைய உல்லாசம் இன்னொருவருடைய தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது அல்லவா?

மலையில் ஆபத்து

மேற்கே போனால் ராக்கி மலைத்தொடர். மான்டானா, வயோமிங், ஐடஹோ, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. இங்கே பாதை போட்டு ஓட்டுவதில் யாருக்கும் ருசி இல்லை.

ஆள் உயரம் பனி கிடக்கும் மலைச் சரிவில் நேராக மேலே ஏற வேண்டும். எவ்வளவு உயரம் ஏறுகிறான் என்பதுதான் பெருமை. சமவெளிக்காரனின் வண்டியை இங்கே கொண்டு வந்தால், 10 கஜத்தில் புதைந்து விடும். மலைக்காரனின் வண்டியைச் சமவெளியின் கெட்டியான பாதையில் ஓட்டினால் வளைவில் தடுமாறும்; எஞ்சினும் சூடேறும்.

இங்கே எமன் வேறு உருவத்தில் வருகிறான். பனிச்சரிவு!

மலை மேல் பனி அடுக்கு அடுக்காக விழுந்து இருக்கும். நடுவில் ஒரு அடுக்கு பலம் இல்லாமல் இருந்தால், மேலே ஏறும் வண்டியின் பாரம் அதை முறித்து விடும். மலைச் சரிவு முழுவதும் பெயர்ந்து கீழே பாயும்.

2008 டிசம்பர் 28ஆம் தேதி பிரிட்டிஷ் கொலம்பியாவில் 11 பேர் பனிவண்டியில் மலைக்குப் போனார்கள். ஒரு பனிச்சரிவு வந்து சிலரை மூடியது. மற்றவர்கள் ஓடி வந்து நண்பர்களைத் தோண்டி எடுக்க முயன்றார்கள். அப்போது இரண்டாவது சரிவு வந்து அவர்களையும் மூடியது. 11 பேரில் 8 பேர் மாண்டு போனார்கள். எட்டுப் பேரும் ஸ்பார்வுட் என்ற ஒரே சிற்றூரைச் சேர்ந்தவர்கள்.

2010 மார்ச் 13ஆம் தேதி அதே மாகாணத்தில் ரெவல்ஸ்டோக் அருகே பனிவண்டிக்காரர்கள் பெரும் கூட்டமாகக் கூடி இருந்தார்கள். அங்கும் பனிச்சரிவு. 2 பேர் இறந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

ஆகவே மலைக்குப் போகிறவன் மூன்று சாமான்களை உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். புதைந்தவன் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறிய ரேடியோக் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி. சரிவில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

சமவெளியில் 30 ஆண்டு ஓட்டிய அனுபவம் இந்த மலையில் பயன்படாது. ஊர் மாறினால் பாடமும் மாறும்.

பூங்காவில் புகை

வயோமிங் மாநிலத்தில் பெரும் பகுதியாகவும், பக்கத்து மாநிலங்களில் சிறு பகுதியாகவும் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளும், காட்டெருமைகளும் நிறைந்த இடம்.

1963ல் அங்கே பனிவண்டியை விட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. ஒரு கட்டத்தில் வாசலில் நின்ற பூங்கா ஊழியர்கள் புகை தாங்காமல் முகமூடி போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள்!

முழுத் தடை வேண்டும் என்றார்கள் சிலர். கூடாது என்றார்கள் வண்டிக்காரர்கள். கோர்ட்டு, வழக்கு என்று பல ஆண்டுகள் போயின.

கடைசியில் நடு வழி ஒன்று ஏற்பட்டது. நாளுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்தார்கள். சத்தமும் புகையும் குறைந்த எஞ்சின்தான் உள்ளே போகலாம். வழிகாட்டியோடு போக வேண்டும். அல்லது அதற்கான பாடம் படித்து, தனிச் சீட்டு வாங்க வேண்டும். பூங்காவும் பிழைத்தது, வண்டியும் பிழைத்தது.

மூன்று நாடு, மூன்று சட்டம்

நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றும் அண்டை நாடுகள். மூன்றிலும் ஒரே பனி. ஆனால் சட்டம் வேறு வேறு.

நார்வேயில் கட்டுப்பாடு அதிகம். காட்டிலும் மலையிலும் உல்லாசத்துக்காக மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்று 1977ல் சட்டம் செய்தார்கள். வடகோடியில் உள்ளவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட பாதைகளில் சலுகை. 2015ல்தான் மற்ற ஊராட்சிகளும் உல்லாசப் பாதை அமைக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. மான் மேய்ப்பவருக்கும் மீட்பு வேலைக்கும் தடை இல்லை.

சுவீடனில் தாராளம். நல்ல பனி மூடிய நிலத்தில் பொதுவாக ஓட்டலாம். இளம் மரக்கன்றுகளையும் விளைநிலத்தையும் கெடுக்கக் கூடாது. மலைப்பகுதிகள் சிலவற்றில் தடை உண்டு.

பின்லாந்து இரண்டுக்கும் நடுவே. போட்ட பாதையில் ஓட்டலாம். உறைந்த ஏரியில் ஓட்டலாம். மற்ற இடங்களில் நிலத்துக்குச் சொந்தக்காரர் அனுமதி வேண்டும்.

இந்தியாவிலும் பனிவண்டி உண்டு. காஷ்மீரில் குல்மார்க் போகும் சுற்றுலாக் குடும்பங்கள் காசு கொடுத்து ஏறிச் சுற்றி வருகிறார்கள். அதே வண்டியைச் சியாச்சின் பனிமலையில் ராணுவம் காவல் வேலைக்குப் பயன்படுத்துகிறது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஒன்று விளையாட்டு. ஒன்று தேசப் பாதுகாப்பு!

என்ன செய்ய வேண்டும்?

தலைநகரில் உட்கார்ந்து சட்டம் செய்பவர்கள் ஒரே தராசில் எல்லாரையும் நிறுக்கக் கூடாது. வேட்டைக்குப் போகும் இனுயிட் தகப்பனும், விடுமுறைக்கு வந்த பட்டணத்து வாலிபனும் ஏறியிருக்கும் வண்டி ஒன்றாக இருக்கலாம். அவர்களுடைய தேவை ஒன்று அல்ல.

இதற்கு நல்ல உதாரணம் அலாஸ்காவிலேயே இருக்கிறது. 1980ல் அமெரிக்கா அங்கே பரந்த நிலப்பகுதிகளைப் பூங்காவாகவும் சரணாலயமாகவும் அறிவித்தது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே, வேட்டையாடிப் பிழைக்கும் உள்ளூர் மக்கள் பனிவண்டியில் போகலாம் என்று எழுதி வைத்தது. காடும் காக்கப்பட்டது, மக்களின் வயிறும் மறக்கப்படவில்லை.

பிழைப்புக்காக ஓட்டுபவனுக்கு முதல் இடம் தர வேண்டும். அவனுடைய வண்டி அவனுக்கு ஏர், அவனுக்குப் படகு. அதன் மேல் கடும் வரியும் கட்டுப்பாடும் போட்டால், அடி விழுவது அவன் வீட்டு அடுப்பில்.

உல்லாசத்துக்காக ஓட்டுபவனையும் விரட்ட வேண்டியது இல்லை. உழைத்த மனிதனுக்கு ஓய்வும் மகிழ்ச்சியும் வேண்டும். ஆனால் உல்லாசத்தின் செலவை அவனே ஏற்க வேண்டும். பாதைக்குக் கட்டணம் கட்டட்டும். நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்கட்டும். இரவில் வீடுகளுக்குப் பக்கத்தில் உறுமாமல் இருக்கட்டும். குளிர்காலத்தில் மான்கள் உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் உயிர் வாழ்கின்றன. அவற்றைத் துரத்தி ஓட வைப்பது, அவற்றின் சாப்பாட்டைப் பிடுங்குவதற்குச் சமம்.

வண்டி விற்கும் கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. "எந்த ஊரில் ஓட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டு விற்க வேண்டும். மலை வண்டி வாங்குகிறவனுக்குப் பனிச்சரிவுப் பாடமும் கிடைக்க வேண்டும். ஓட்டுநர் சான்று இல்லாமல் பனிவண்டி ஓட்ட முடியாது என்று சுவீடன் 2000 முதல் விதி வைத்திருக்கிறது. மற்ற நாடுகளும் இதைப் பார்க்கலாம்.

இன்னொரு ஆபத்தும் வந்து விட்டது. உலகம் சூடாகிறது. 2023-24 குளிர்காலத்தில் மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் பனியே சரியாக விழவில்லை. பல பாதைகள் திறக்கவே இல்லை. உல்லாசக்காரர் வீட்டில் இருந்தார்; கடைக்காரர் நஷ்டப்பட்டார்.

வடக்கே நிலைமை அதைவிட மோசம். கடல் முன்பு போலச் சீக்கிரம் உறைவது இல்லை. கெட்டி என்று நம்பிய பனிக்கட்டி வண்டியோடு ஆளையும் விழுங்குகிறது. பாட்டன் சொன்ன பாதை பேரனுக்கு உதவவில்லை. சமவெளியில் பனி குறைந்தால் ஒரு விடுமுறை போகும். வடக்கே பனி குறைந்தால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு போகும். சில சமயம் தகப்பனே போய் விடுவான்.

ஆகவே உதவிப் பணம் ஒதுக்கும்போது அரசாங்கங்கள் வரிசையைச் சரியாக வைக்க வேண்டும். பனிக்கட்டியின் கனத்தை அளந்து சொல்லும் ஏற்பாடும், வழி தவறியவரைத் தேடும் தொண்டர்களுக்குப் பெட்ரோலும் ரேடியோவும் முதலில் ரோடு இல்லாத ஊர்களுக்குப் போகட்டும். உல்லாசப் பாதைக்குக் கைகாட்டி நடுவது அதற்குப் பிறகு நடக்கட்டும்.

வண்டியைச் செய்கிற கம்பெனிக்கு எல்லா ஊரும் ஒரே சந்தை. சட்டம் செய்கிறவர்களுக்கு அப்படி இருக்கக் கூடாது.